பொடுதலைக்கு வக்காலத்து

குரோம்பேட்டையில் ஒரு கிரவுண்டு மனையில் தனி வீடோ நாலு ஃபிளாட்டோ எழும்பும்போது, கட்டடம் போக மிஞ்சும் தரையை என்ன செய்வது என்பதற்கு இரண்டே பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. சிமென்ட் போட்டு மூடு, கையில் இன்னும் கொஞ்சம் காசிருந்தால் பேவர் பிளாக் பதி என்பது முதல் பதில். ஜி.எஸ்.டி. சாலையோர நர்சரியில் கொரியன் புல்லையோ மெக்சிகன் புல்லையோ சுருளாக வாங்கி விரி என்பது இரண்டாவது. முதல் கட்சி சுத்தம் என்று வாதாடும், இரண்டாவது கட்சி பசுமை என்று வாதாடும். அபார்ட்மென்ட் சங்கக் கூட்டங்களில் இந்த இரு தரப்பும் மோதிக்கொள்வதைப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்க் கொள்கைகள் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் முழு உடன்பாடு உண்டு: தானாக முளைத்துத் தரையோடு படரும் செடி எதுவாக இருந்தாலும் அது களை, அதைச் செதுக்கி எறிய வேண்டும். ராதா நகரிலும் அஸ்தினாபுரத்திலும் சிட்லபாக்கத்திலும் மழை ஓய்ந்த மார்கழியில் கூலி கொடுத்துச் செதுக்கப்படுவதில் பெரும்பகுதி பொடுதலையும் அருகம்புல்லும். நான் மறுப்பது அந்த உடன்பாட்டைத்தான். இந்த ஊரின் திறந்த தரைக்குச் சிமென்ட்டும் பொருந்தாது, சுருள் புல்லும் பொருந்தாது. இரு தரப்பும் கூலி கொடுத்து ஒழிக்கும் அந்தச் செடிகளே பொருந்தும் என்பது என் கட்சி. அழகுணர்ச்சியை வைத்தோ பழம்பெருமையை வைத்தோ இதைச் சொல்லவில்லை. மழைக்கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

சென்னையின் தென்புறத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது குறைவான மழை அல்ல. லண்டனில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சிக்கல் அளவில் இல்லை, பெய்யும் காலத்தில் இருக்கிறது. இதில் சுமார் 60 சதவீதம் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்தால் வைகாசி வரை வானம் ஏறக்குறைய மூடிய கடைதான். இந்த இரு முனைகளும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டாம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. நாலு வருடம்கூட ஆகவில்லை, 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்து சேர்ந்தது. ஆகவே இங்கே ஒரு தரைப்பரப்பைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டியது, வாரக்கணக்கில் தண்ணீரில் நனைந்து கிடந்த பிறகு, ஐந்து மாதம் தண்ணீரே இல்லாமல் இது உயிரோடிருக்குமா என்பது. வறட்சியை மட்டும் தாங்கும் கள்ளி வகைகள் கார்த்திகையில் அழுகிவிடும். ஈரத்தை மட்டும் விரும்பும் செடிகள் பங்குனியைத் தாண்டாது. இரண்டையும் தாங்கும் செடிகளைத் தேட எங்கும் போக வேண்டியதில்லை. ஏரிக்கரையிலும் வரப்பிலும் கால்வாய் ஓரத்திலும், அதாவது பாதி வருடம் ஈரமும் பாதி வருடம் வெடிப்புமாகக் கிடக்கும் மண்ணில், அவை எப்போதும் இருந்துவந்திருக்கின்றன.

முதலில் சிமென்ட் கட்சியைப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் 600 சதுர அடி திறந்த தரை என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் என்பதால், அந்தத் துண்டு நிலத்தின் மீது மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரிகளாக எண்ணினால் ஆறரை லாரி. சிமென்ட் பூசிய பரப்பிலிருந்து பெய்த மழையில் எண்பது, தொண்ணூறு சதவீதம் ஓடிவிடும் என்பது வடிகால் பொறியியலில் அடிப்படைப் பாடம். செடி மூடிய மண்ணில் ஓடுவது அதில் சிறு பகுதிதான். மாடியில் விழும் மழையைச் சேமிக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. எல்லா வீட்டிலும் ஒரு குழாயும் ஒரு குழியும் இருக்கின்றன, பல வீடுகளில் பெயருக்காவது. ஆனால் எந்தக் குழாயும் குழியும் இல்லாமலே தண்ணீரை உள்வாங்கிக்கொள்ளும் தரையை, அதே வீட்டுக்காரர் தன் செலவில் அடைத்துவிடுகிறார். பேவர் பிளாக் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கிவிடும் என்பது விற்பவர்கள் சொல்லும் சமாதானம். கற்களுக்கு அடியில் இறுக்கிய கிரஷர் தூசும், பல இடங்களில் அதற்கும் கீழே கான்கிரீட் படுகையும் இருக்கின்றன. ஒரு மழைக்காலத்துச் சேற்றில் இடுக்குகளும் அடைபட்டுவிடும். நீர் ஊடுருவுவதற்கென்றே தயாரிக்கப்படும் கற்கள் வேறு, அவற்றை அடுக்கும் முறையும் வேறு. நம் தெருக்களில் பதிக்கப்படுவது அது அல்ல.

இந்த இழப்பு மற்ற ஊர்களைவிடக் குரோம்பேட்டைக்கு அதிகம் வலிக்க வேண்டும், ஏனென்றால் கீழே இருப்பது பாறை. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் கருநீலப் பாறைதான் உலகப் புவியியல் நூல்களில் சார்னோக்கைட் என்று பெயர் பெற்றது. அந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஹாலந்து. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு இதே கல்லைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதால் அந்தப் பெயர். இந்த வகைப் பாறையில் தண்ணீர் தங்குவது மேலே சிதைந்துபோன மண்ணடுக்கிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே. ஆற்று மணலுக்கு அடியில் இருப்பதுபோன்ற பெரிய நீர்க்களஞ்சியம் இங்கே கிடையாது. வருடா வருடம் மேலிருந்து நிரம்பினால் உண்டு, இல்லாவிட்டால் போர்வெல்லில் காற்றுதான் வரும். 2015 போன்ற மழையை எந்தச் செடியாலும் தடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 49 சென்டிமீட்டரை ஒரே நாளில் எந்த மண்ணும் குடிக்காது, பொடுதலை வளர்த்திருந்தால் முடிச்சூர் தப்பியிருக்கும் என்று சொல்பவர் பொய் சொல்கிறார். ஆனால் நம் மழையில் பெரும்பகுதி அப்படி வருவதில்லை. இரண்டு சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர் என்று வரும் சாதாரண மழைகளில்தான் தெரு முழங்கால் ஆழம் நிற்கிறது, அவற்றில்தான் நிலத்தடி நீரும் ஊறுகிறது. செடி மூடிய மண்ணால் விழுங்க முடிவது இந்தச் சாதாரண மழையைத்தான். வெறும் மண்ணைவிடவும் அது நன்றாக விழுங்கும். மழைத்துளி நேராக அறைந்தால் செம்மண்ணின் மேல்பரப்பு இறுகி ஓடு கட்டிக்கொள்ளும், மேலே இலையும் உள்ளே வேரும் இருந்தால் துளைகள் திறந்தே இருக்கும்.

இனிப் புல்தரைக் கட்சி. கோடையில் பச்சையாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும் புல்தரை, நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீரைக் காற்றில் விடும். 600 சதுர அடிக்கு அது நாளைக்கு 280 லிட்டர். நகரங்களில் குழாய்நீருக்கு அரசு வகுத்த அளவு தலைக்கு 135 லிட்டர். ஆக, வீட்டு முன்னால் இரண்டு பேரைக் கூடுதலாகக் குடியமர்த்தித் தண்ணீர் கொடுப்பதற்குச் சமம். மார்ச் முதல் ஜூன் வரைக்கும் கூட்டினால் 34,000 லிட்டர், ஏறக்குறைய மூன்று லாரி. இரு கட்சிகளும் எதிரிகள் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். ஒன்று கார்த்திகையில் வந்த தண்ணீரைத் தெருவுக்கு விரட்டுகிறது, மற்றது சித்திரையில் அதையே காசு கொடுத்து லாரியில் வாங்குகிறது. பல குடியிருப்புகளில் இரண்டும் ஒரே காம்பவுண்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. கொரியன் புல்லுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அது இயல்பில் அவ்வளவு தண்ணீர்ப் பேராசைக்காரன் அல்ல. அதன் இனம் வறட்சியை ஓரளவு தாங்கக்கூடியதுதான். கெடுப்பது நாம் அதை வளர்க்கும் முறை. எங்கோ ஒரு வயலின் மேல்மண்ணோடு வெட்டியெடுத்த சுருளைக் கட்டட இடிபாடுகளின் மேல் இரண்டங்குலச் செம்மண் தூவி விரிக்கிறோம். வேர் கீழே இறங்க இடமில்லை, இறங்கும் அவசியமும் இல்லை, தினமும் மேலே தண்ணீர் தெளிக்கப்படுவதால். பிறகு ஒரு வாரம் மோட்டார் பழுதானால் தரை வைக்கோலாகிவிடுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை: பணம் படைத்த திடல்களுக்குப் பெர்முடா என்ற பெயரில் விற்கப்படும் புல் நம் அருகம்புல்லின் இனமேதான். மூலையில் தானாக வந்ததைக் கொத்திப் போட்டுவிட்டு அதன் தேர்ந்தெடுத்த வகையைச் சதுர அடிக் கணக்கில் வாங்குபவர்கள் உண்டு.

பொடுதலையை அடையாளம் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள், பெயர் தெரியாதவர்கள் இருக்கலாம். தரையோடு ஒட்டி ஓடும் தண்டு, நுனியில் மட்டும் பல் வெட்டிய சிறு இலை, அடியில் திப்பிலிபோல் கூம்பி விளிம்பில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வளையம் கட்டும் பூ. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சும் வீடுகளுக்கு இது பழகிய பச்சிலை. ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு ஊன்றிக்கொள்ளும் என்பதே இதன் பலம். ஒரு கணு மிதிபட்டோ காய்ந்தோ போனால் அடுத்த கணு தனிச் செடியாக வாழும். வேர் ஆழமாக இறங்கும். மேல்தண்டு முழுக்கக் கருகினாலும் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். பல்லாண்டுச் செடி என்பதால் வருடா வருடம் விதைக்க வேண்டாம். அருகம்புல்லும் இதே உத்தியை வேறு விதத்தில் கையாளுகிறது: நிலத்துக்கு மேலே ஒரு தண்டு, உள்ளே ஒரு கிழங்குத்தண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளர்வதை எந்தக் காலி மனையிலும் பார்க்கலாம். இதை நாட்டுமருந்துக் கடைப் பெருமை என்று தள்ளிவிட நினைப்பவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே பொடுதலை இனத்திலிருந்தே தேர்ந்தெடுத்து உருவாக்கிய குராபியா என்ற வகை, தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவிக்கும் கலிஃபோர்னியாவில் புல்தரைக்கு மாற்றாக விற்கப்படுகிறது. பக்கத்து மாநிலமான நெவாடா 2021இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது: வெறும் அலங்காரத்துக்காக இருக்கும் புல்தரைக்கு 2026 முடிவுக்குப் பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது. புல்வெளியை வாழ்க்கை அந்தஸ்தாகக் கொண்டாடிய நாடே பின்வாங்கும்போது, அந்த மோகத்தை நாம் இங்கே புதிதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எதிர்வாதங்களில் பலமானது, கோடையில் இதுவும் காய்ந்து அசிங்கமாகிவிடும் என்பது. உண்மைதான். தண்ணீரே ஊற்றாமல் விட்டால் அக்னி நட்சத்திர நாட்களில் பொடுதலை சுருங்கி, இலை சிறுத்து, இடையிடையே மண் தெரியும். அருகு வெளிறிவிடும். ஆனால் அது சாவு அல்ல, ஒதுங்கியிருத்தல். ஜூன் கடைசியில் ஒரு மாலை இடிமழை பெய்தால் பத்துப் பதினைந்து நாளில் தரை மூடிவிடும். பன்னிரண்டு மாதமும் ஒரே பச்சை என்பது லேசான மழை ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டிருக்கும் இங்கிலாந்தின் தரையைப் பார்த்து வந்த எதிர்பார்ப்பு. அந்த ஊருக்கு அது இயற்கை, இந்த ஊருக்கு அது மோட்டார். நம் புதர்க்காடுகளைப் பாருங்கள். நன்மங்கலம் காப்புக்காடு குரோம்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர்தான். தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காடு இன்னும் பக்கம். மே மாதத்தில் அவற்றின் அடித்தரை பழுப்புதான். அதை யாரும் அசிங்கம் என்று சிமென்ட் போடக் கிளம்புவதில்லை. இதே எதிர்வாதத்தின் நுட்பமான வடிவம் ஒன்று உண்டு, அதை யாரும் எழுப்பாவிட்டாலும் நான் எழுப்பிவிடுகிறேன்: செடி குளிர்ச்சி தருவதே தண்ணீரை ஆவியாக்கித்தான், குறைவாகத் தண்ணீர் விடும் செடி குறைவாகத்தானே குளிர்விக்கும்? ஆமாம், தண்ணீர் பாய்ச்சிய புல்தரையைவிடக் குறைவாகத்தான் குளிர்விக்கும். ஆனால் ஒப்பிட வேண்டியது அடுத்த வீட்டுச் சிமென்ட்டோடு. பகல் முழுக்க வெயிலைக் குடித்து இரவு பத்து மணிக்கு மேலும் சுவருக்குள் உமிழும் வேலையைக் காய்ந்த பொடுதலைப் பாயும் செய்யாது. வாரம் ஒருமுறை ஒரு வாளி கைகழுவிய தண்ணீர் கிடைத்தால் அது ஓரளவு பச்சையும் காட்டும்.

அடுத்து பாம்பு. இந்த வாதம் எந்தக் கூட்டத்திலும் விவாதத்தை முடித்துவைத்துவிடும், யாரும் எதிர்த்துப் பேசத் துணிவதில்லை. பாம்பு செடிக்காக வருவதில்லை; எலிக்கும் தவளைக்கும் வருகிறது, பகலில் ஒளிய இடம் தேடி வருகிறது. கட்டுவிரியனுக்குப் பிடித்தது எலிவளையும் அடுக்கிய செங்கல்லும். கண்ணாடி விரியனுக்கு அடர்ந்த புதரும் சருகுக் குவியலும். வெயிலில் வளரும் பொடுதலை கணுக்கால் உயரம்கூட எழாது. அதில் ஒரு ஓணான் நடந்தாலும் தெரியும். பாம்பைப் பற்றி உண்மையாகவே கவலைப்படும் சங்கம் செய்ய வேண்டியது, வீடு கட்டி ஐந்து வருடமாகியும் பின்புறம் கிடக்கும் ஜல்லி, செங்கல், உடைந்த டைல்ஸ் குவியலை அகற்றுவதும் குப்பைத்தொட்டியை மூடுவதும். அதைச் செய்யாமல் நாலு அங்குலச் செடியைச் செதுக்குவது பயத்துக்கு மருந்து, பாம்புக்கு அல்ல. இருட்டில் டார்ச் இல்லாமல் நடப்பது சிமென்ட் தரையிலும் ஆபத்துதான். கொசு வாதம் இன்னும் பலவீனமானது. சென்னையின் மலேரியாக் கொசு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுகிறது. டெங்கு பரப்பும் கொசு பழைய டயரிலும் தேங்காய் ஓட்டிலும் பூந்தொட்டித் தட்டிலும். இரண்டுக்கும் தேங்கிய தண்ணீர் வேண்டும். மழை விட்டு ஒரு வாரமாகியும் தண்ணீர் நிற்பது சரிவு தவறிய சிமென்ட் பள்ளத்தில். உறிஞ்சும் மண்ணில் அவ்வளவு நாள் நிற்காது. பகலில் கொசு நிழலில் ஒதுங்கும் என்பது சரி, அதற்கு வீட்டுக்குள்ளிருக்கும் திரைச்சீலையே போதும்.

நம் முன்னோர் வாசலை மொட்டைத்தரையாகத்தானே வைத்திருந்தார்கள், தினமும் பெருக்கிச் சாணம் தெளித்துக் கோலம் போட்டார்கள், செடியை விட்டார்களா என்று கேட்பவர்களுக்கு வரலாறு பாதிதான் நினைவிருக்கிறது. வாசல் என்பது வேலை நடக்கும் களம். நெல் காயும், மிளகாய் காயும், விறகு பிளக்கப்படும், ஊர்க்கதை பேசப்படும். அது வீட்டு நிலத்தில் சிறு துண்டு. பின்னால் கொல்லை என்று ஒன்று இருந்தது, கைகழுவும் தண்ணீர் பாய்ந்த வாழையடியும் முருங்கையடியும், அவற்றுக்குக் கீழே யாரும் நடாத வல்லாரை, கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, பொடுதலை. வாசலில் ஓடிய மழைநீர் தெருக்கோடிக் குளத்துக்குப் போயிற்று, குளத்துக்கு மேல் மிஞ்சியது ஏரிக்குப் போயிற்று. இன்றைக்கு அந்தப் பழைய ஒழுங்கிலிருந்து வாசலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை நாலு பக்கமும் நீட்டி, கொல்லையை விழுங்கிவிட்டு, ஏரியை மனை போட்டு விற்றுவிட்டு, இது பாரம்பரியம் என்றால் எப்படி? கோலம் போட ஆறடிக்கு ஆறடி போதும். அந்த இடத்தில் சிமென்ட் இருக்கட்டும், அதைப் பற்றி எனக்கு வழக்கே இல்லை.

தாவரவியல் தெரிந்தவர்களின் ஆட்சேபம் கொஞ்சம் கூர்மையானது, அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். எதையும் தாங்கி எங்கும் படரும் செடி என்பது ஆக்கிரமிப்புச் செடியின் இலக்கணமும்தானே, சீமைக்கருவேலத்தையும் வறட்சியைத் தாங்கும் என்று சொல்லித்தானே கொண்டுவந்தார்கள் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் விறகுக்கென்று வந்த அந்த மரம் என்ன செய்தது என்பதை இராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களில் போய்ப் பார்க்கலாம். ஆஸ்திரேலியர்களும் எச்சரிப்பார்கள்: பொடுதலையின் நெருங்கிய உறவான லிப்பியா, தென் அமெரிக்காவிலிருந்து தரைமூடியாக வந்து, மர்ரே-டார்லிங் ஆற்றுச் சமவெளிகளில் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொண்டு பெரும் தலைவலியாகிவிட்டது. இந்த ஆட்சேபம் என் வாதத்தை உடைக்கவில்லை, அதன் எல்லையைத் துல்லியமாக வரைகிறது. திடமான செடி என்பது மட்டும் தகுதி ஆகாது. அந்த மண்ணில் அதைத் தின்னவும் அடக்கவும் ஆள் இருக்க வேண்டும். பொடுதலை பூமியின் வெப்பமண்டலம் முழுவதும் காணப்படும் செடி. இங்கே நம் வரப்புகளில் எத்தனையோ தலைமுறையாக இருந்தும் அது வயலைப் பிடிக்கவில்லை. மயில் வசீகரன் பட்டாம்பூச்சியின் புழு அதன் இலையைத் தின்னும், சிறு தேனீக்களும் நீலன் வண்ணத்துப்பூச்சிகளும் அதன் பூவில் தேன் குடிக்கும். ஆக்கிரமிப்புச் செடியைப் பார்த்து நடுங்க வேண்டும் என்றால் நடுங்க வேண்டிய இடம் நர்சரி. மஞ்சள் பூவும் மினுங்கும் மூன்று முனை இலையுமாகச் சாலை நடுத்திட்டுகளிலும் அபார்ட்மென்ட் ஓரங்களிலும் நடப்படும் வெடேலியா மத்திய அமெரிக்கச் செடி. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் வெளியிட்ட பட்டியலில் அது இருக்கிறது. அதற்கு நம் ஊர் உறவு மஞ்சள் கரிசலாங்கண்ணி, அடக்கமாக வளரும், பாதி நிழலும் கொஞ்சம் ஈரமும் உள்ள இடத்துக்கு ஏற்றது. களை என்று கூலி கொடுத்துப் பிடுங்குவது உள்ளூர்ச் செடியை. செடி என்று விலை கொடுத்து நடுவது உலகறிந்த களையை.

எல்லா இடத்துக்கும் பொடுதலைதான் என்று நான் சொல்லவில்லை. கார் ஏறி இறங்கும் தடத்தில் எந்தச் செடியும் நிற்காது. அங்கே சக்கரத்துக்கு இரண்டு பட்டை கல் பதித்து நடுவில் மண்ணை விடலாம். முதியவர்கள் தினமும் நடக்கும் பாதைக்குச் சொரசொரப்பான கல் வேண்டும், அதிலும் மழைக்காலத்துப் பாசி எத்தனை இடுப்பெலும்பை முறித்திருக்கிறது என்பது குரோம்பேட்டை ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியும். அடர்ந்த மாமர நிழலில் பொடுதலை மெலிந்துவிடும், அங்கே சருகை அப்படியே விடுவதே நல்ல மூடாக்கு. வெறுங்காலோடு ஓடும் குழந்தைகளைத் தேனீ கொட்டும் என்று பயந்தால், பூக்கும் வாரங்களில் ஒருமுறை வெட்டிவிட்டால் போதும். சுவர் ஓதம் அடிக்கும் என்பவர்கள் அஸ்திவாரத்தை ஒட்டி ஓரடி ஜல்லி விட்டு, மண்ணை வெளிப்புறமாகச் சரிக்கட்டும். ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஊர் பெயரையே தோல் பதனிடும் குரோம் தொழிலிலிருந்து பெற்றது. பக்கத்து நாகல்கேணி, பல்லாவரம் தோல் தொழிற்சாலைகளைச் சுற்றிய நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அந்தப் பக்கத்து மண்ணில் படரும் பொடுதலையையும் வல்லாரையையும் மூலிகை என்று பறித்துத் துவையல் அரைக்கக் கூடாது. தரையை மூடுவதற்கு மட்டும் அவை வளரட்டும்.

இவ்வளவு சாதகம் இருந்தும் இந்தக் கருத்து ஏன் எடுபடவில்லை என்பதற்குச் சதி எதுவும் தேட வேண்டாம். சிமென்ட் போட ஒரு மேஸ்திரிக்கு வருமானம் உண்டு, பேவர் பிளாக்குக்கு ஒப்பந்தக்காரர் இருக்கிறார், சுருள் புல்லுக்கு நர்சரியும் வாரம் ஒருமுறை வரும் தோட்டக்காரரும். பொடுதலையில் யாருக்கும் கமிஷன் இல்லை. ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, இடிபாட்டைப் பொறுக்கிவிட்டு, நாலைந்து கணுவுள்ள தண்டுகளை ஓரடி இடைவெளியில் பதித்து, மழை பிடிக்கும் வரை இரண்டு மூன்று வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் முதலீடு, தண்டுக்கு வேண்டியதைப் பக்கத்துக் காலி மனையே தரும். சாக்கடை கலக்கும் ஏரிக்கரையிலிருந்து மட்டும் எடுக்காமல் இருந்தால் சரி. முதல் வருடம் கோரையும் பார்த்தீனியமும் தலைகாட்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கிவிட்டால் ஓயும், கோரை ஓயாது. அதோடு சமாதானமாகப் போக வேண்டியதுதான். தை மாதத்துக்குள் தரை பெரும்பாலும் மூடிவிடும்.

தனி வீடுகளைவிட இதைப் பெரிய அளவில் செய்துபார்க்கும் வசதி தாம்பரம் மாநகராட்சிக்கு இருக்கிறது. 2021 நவம்பரில் பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம் உள்ளிட்ட பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான மாநகராட்சி அது. எட்டு வடிவ நடைபாதையும் அதைச் சுற்றி வாடிய புல்லும் வெடேலியா ஓரமுமாகப் பூங்காக்கள் அதனிடம் ஏராளம். ஒரு பூங்காவைத் தேர்ந்தெடுத்து, நடைபாதையை அப்படியே விட்டு, மீதித் தரையில் பாதியைப் பழையபடி புல்லாக வைத்துக்கொண்டு மறுபாதியில் பொடுதலையும் அருகும் நடட்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். மே மாதத்தில் எந்தப் பாதிக்கு எத்தனை லாரி வந்தது, டிசம்பரில் எந்தப் பாதியில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று இரண்டு எண்களைப் பூங்கா வாசல் பலகையில் எழுதிப்போட்டால், அதற்குப் பிறகு இந்த வழக்கை நானும் பேச வேண்டியதில்லை, எதிர்க்கட்சியும் பேச வேண்டியதில்லை.